அம்மாவின் நெற்றியில் ஒரு தண்ணிப் பாம்பு

அதற்குப் பாம்பு என்று பெயர் வைத்தபோது கூட இருந்தவர்கள் அப்பா, அம்மா, சித்தப்பா, கரும்பு வெட்டு மேஸ்திரி, பொங்கல் லீவில் அவர்களோடு கரும்புக் கொல்லைக்குப் போயிருந்த நான். இல்லாதவள் அத்தை, அப்பாவின் அக்கா. அவள் கல்வராயன் மலைமேல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டிருந்தாள்.

காலனியில் என்னோடு வளர்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாதிப் பேர் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறீர்கள், மீதிப் பேர் சென்னையில் கட்டட வேலையில். நமக்கெல்லாம் முப்பது வயது நெருங்கிவிட்டது. போன மாதம் உங்களில் ஒருவன் எனக்குப் போன் பண்ணினான். "எங்க அப்பாவுக்கு மூஞ்சியில அக்கி போட்டுகிச்சுடா. அந்த அக்கி எழுதறவரு இன்னும் கீறாரா? சுத்தற பாம்பு இல்ல, மூஞ்சியிலதான். அதனால பயமில்ல" என்றான். அவனைக் கன்னாபின்னாவென்று திட்டி, அந்த மணிக்கே அவன் அப்பாவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் செய்தேன். இப்போது அவர் நன்றாக இருக்கிறார். ஆனால் அவன் சொன்ன அந்த "அதனால" என்ற சொல் என்னைத் தூங்கவிடவில்லை. எதனால்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த வருஷம் கரும்பு நன்றாக விளைந்திருந்தது. தியாகதுருகம் பக்கம் ஒரு பெரிய கொல்லையில் வெட்டு. விடியும்போதே டிராக்டரில் ஏறினால் இருட்டினபிறகுதான் வீடு. கரும்புச் சோகையில் சொனை இருக்குமே, கண்ணுக்குத் தெரியாத முள், அது ஏறி எல்லோருக்கும் உடம்பு பூரா அரிப்பும் கீறலும். அதனால் சித்தப்பா இரண்டு நாளாக இடுப்பு எரிகிறது என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. அன்று அவர் கத்தியைப் போட்டுவிட்டு வண்டிப்பாதையில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி வந்தார். நம் காலனி ஆள்தான், எல்லோரையும் மாப்பிள்ளை என்பார்.

"இன்னாடா மாப்ள, நீ கரும்ப வெட்றியா, கரும்பு ஒன்ன வெட்டுதா?"

"எரியுது மேஸ்திரி. நெருப்ப மடியில கட்டிக்கினா மாரி கீது."

"சட்டையத் தூக்கு."

முதுகெலும்பை ஒட்டித் தொடங்கி, விலாவைச் சுற்றிக்கொண்டு, தொப்புளை நோக்கி வந்தது ஒரு சிவப்புப் பட்டை. அதன்மேல் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம். மேஸ்திரி குனிந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் ஒரு எட்டு பின்னால் வைத்தார், வரப்பில் நிஜப் பாம்பைக் கண்டவர் வைப்பதைப்போலவே.

"அக்கிடா இது. அதுலயும் பாம்பு. தோ பாரு, முதுவுல வாலு, வயித்துல தலை. நாகம் சுத்திக்கினு வருது."

"சுத்தினா இன்னாங்க ஆவும்?" என்றாள் அம்மா.

"தலையும் வாலும் ஒண்ணு சேந்துச்சுன்னா ஆளு காலி."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் உடம்பு சில்லிட்டது. சித்தப்பாவின் வயிற்றைப் பார்த்தேன். கொஞ்சம் முன்னால்வரை அங்கே இருந்தது புண். இப்போது அதற்குத் தலை இருந்தது. எந்தப் பக்கம் போகிறது என்பதும் தெரிந்தது.

அன்று சாயந்திரமே காலனி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நீங்களெல்லாம் எங்கள் வீட்டு வாசலில் வரிசை கட்டி நின்றீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். உங்களில் யாரோ, "பாம்புக்குக் கண்ணு எங்கடா?" என்று கேட்டதற்கு, இன்னொருத்தன் தொப்புள் பக்கம் கறுத்திருந்த இரண்டு கொப்புளங்களைக் காட்டினான். எல்லோரும் "ஆமாண்டா" என்றோம். நானும் பார்த்தேன். சத்தியமாக எனக்கு அந்தக் கண்கள் தெரிந்தன. அவை என்னையே பார்த்தன. இல்லாத ஒன்றின் கண்ணை இத்தனை பேர் சேர்ந்து பார்த்திருக்கிறோம்.

அப்பா என்னைக் கூப்பிட்டார். எங்கள் பரம்பரையிலேயே பேனா பிடித்த முதல் கை என்னுடையது. "படிக்கிற புள்ள, பேனாவ எடுத்தா. தலை எதுவரைக்கும் வந்து கீதுன்னு ஒரு புள்ளி வை. நாளிக்குக் காலையில நவுந்துச்சான்னு தெரிஞ்சிடும்." சித்தப்பாவின் தோல் சுட்டது. பேனா முனை பட்டதும் அவர் பல்லைக் கடித்தார். மறுநாள் காலையில் அந்தப் புள்ளியைப் பார்க்க மேஸ்திரி உட்பட நாலைந்து பேர் காத்திருந்தார்கள். கொஞ்சம் நகர்ந்திருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அக்கி எழுதுகிறவரை அழைத்து வந்தார்கள். வடக்கனந்தலில் பானை சுட்டுக்கொண்டிருந்தவர் அவர். சூளையில் நெருப்பைக் கட்டி ஆள்கிறவர் சொன்னால் உடம்பில் இருக்கிற நெருப்பும் கேட்கும் என்பது நம் பக்கத்து வழக்கம்; அக்கி எழுத எப்போதும் குயவரைத்தானே கூப்பிடுவோம். அவர் காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்து, நீளமான சேவல் இறகால் தொட்டுத் தொட்டு எழுதினார். ஈரமண் வாசனை வீடு முழுக்க வந்தது. சித்தப்பா முதல்முறையாகக் கண்ணை மூடி, "ஜில்லுன்னு கீது" என்றார். அக்கிக்குச் சிங்கம் எழுதுவதுதான் அவருக்குப் பழக்கம். பாம்பு என்று கேள்விப்பட்டதால் தலைக்கு எதிரே ஒரு கீரியை எழுதினார்.

"இன்னாங்க, அணிலு மாரி கீது?" என்றார் சித்தப்பா, தலையைத் தூக்கிப் பார்த்து.

"அணிலோ கீரியோ, நீ அசையாம படு. அசைஞ்சா பூனையாயிடும்."

அவ்வளவு பயத்திலும் எல்லோரும் சிரித்தோம். அவருடைய இறகு ஏன் அத்தனை நீளம் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. காலனி ஆளின் தோலில் அவருடைய விரல் ஒருமுறைகூடப் படவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

பாம்பு கீரியைத் தாண்டவில்லை. தொப்புளுக்கு ஒரு விரற்கடை தள்ளியே நின்றுவிட்டது. கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டி உதிர்ந்தன. சித்தப்பா மறுபடி கொல்லைக்குப் போனார். "நாகத்தையே இடுப்புல கட்டிக்கினு தூங்கினவன்டா நானு" என்று டிராக்டரில் வழியெல்லாம் அளந்துவிட்டுக்கொண்டு வந்தார். மேஸ்திரியின் மதிப்பும் ஏறிவிட்டது. "ஒரு நாளு லேட்டா பாத்திருந்தா சேந்திருக்கும்" என்று அவர் சொல்லும்போது அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் பிற்பாடு கள்ளக்குறிச்சியில் காலேஜ் சேர்ந்து தமிழ் இலக்கியம் படித்தேன். ஒருநாள் வகுப்பில் உவமையும் உருவகமும் நடந்தது. மலர் போன்ற முகம் என்றால் உவமை. முகமலர் என்றால் உருவகம். நடுவிலிருந்த "போன்ற" போய்விட்டது, இரண்டும் ஒன்றாகிவிட்டன என்று நோட்டில் எழுதச் சொன்னார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதினார்கள். எனக்குக் கை ஓடவில்லை. பாம்பு மாதிரி சுற்றிக்கொண்டு வருகிறது என்று அன்று அந்தக் கொல்லையில் யாரும் சொல்லவில்லை. பாம்பு என்றார்கள். அந்த "மாதிரி" இருந்திருந்தால் அதற்கு வால் முளைத்திருக்காது.

எல்லாச் சொல்லும் இப்படிச் செய்வதில்லை. ஊசிக்குக் காது என்கிறோம், யாரும் ஊசியோடு பேசுவதில்லை. மலைக்கு அடிவாரம் என்கிறோம், மலை எழுந்து நடக்கும் என்று யாரும் பயந்ததில்லை. அந்தச் சொற்கள் பிறந்தபோது ஏதோ ஒன்றைப் போலத்தான் இருந்திருக்கும். புழங்கிப் புழங்கி, வேறெதையும் நினைக்கவிடாமல், வெறும் பெயராக நின்றுவிட்டன. ஆனால் பாம்பு என்ற சொல்லை நாம் வெறும் பெயராக விடமாட்டோம். பயந்தவனுக்கு அது நெளியும், குட்டி போடும். சித்தப்பாவுக்கு வந்த அடுத்த மாதமே போட்டது.

மாசி மாதம். அம்மாவுக்கு வலது பக்கம் நெற்றியில் தெறிக்கிற மாதிரி வலி. வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து நெற்றியில் கொப்புளம் கிளம்பியது. புருவத்திலிருந்து மயிர்க்கால்வரை, வலது பக்கம் மட்டும். அப்பாவின் முகம் செத்துவிட்டது. மேஸ்திரியைக் கையோடு இழுத்து வந்தார்.

மேஸ்திரி அம்மாவை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலையை இப்படித் திருப்பி அப்படித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"எங்கடா இதுக்குத் தலை? எங்க வாலு?" என்றார் கடைசியில்.

"தெரியலீங்களே" என்றார் அப்பா.

"நாகம்னா ஒடம்ப சுத்தும். மூஞ்சியில சுத்தறதுக்கு எடம் ஏது? பின்னால பூரா மயிரு. இது நாகம் இல்ல மாப்ள, தண்ணிப் பாம்பு. வந்த வழியா போயிடும். வெசம் கெடையாது."

வீடே லேசாகிவிட்டது. சித்தப்பா கைகொட்டிச் சிரித்தார். "அண்ணி, எனுக்கு வந்தது நாகம், ஒனுக்கு வந்தது தண்ணிப் பாம்பு. பாத்துக்க."

"நமுக்கு வர்றது பாம்பு கூட மட்ட சரக்காத்தான் வருது" என்றாள் அம்மா. வலியில் வாய் கோணிக்கொண்டே சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. கேட்கும்போதெல்லாம் எழுந்து ஓடிப்போய் அந்த வாசலில் கத்தவேண்டும்போல் இருக்கிறது.

அப்பா எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு காரியம் செய்தார். வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து, அம்மாவின் உச்சி வகிட்டிலிருந்து நெற்றி நடுவே, மூக்குத் தண்டு வழியாக நேராக ஒரு கோடு இழுத்தார். "இந்தக் கோட்டத் தாண்டி எடப்பக்கம் வராம பாத்துக்கினா போதும்." அழிந்தால் மறுபடி போட்டார். காலையில் கண்விழித்ததும் எங்கள் எல்லோருக்கும் முதல் வேலை அந்தக் கோட்டைப் பார்ப்பது. பாம்பு அதை ஒட்டி வந்து நின்றது. ஒரு கொப்புளம்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

"மரியாத தெரிஞ்ச பாம்பு" என்றார் அப்பா. அவரை அத்தனை பெருமையாக நான் பார்த்ததே இல்லை. கூலிக்குப் போய், எல்லோரிடமும் கைகட்டி நின்று பழகியவர். அவர் போட்ட ஒரு கோட்டுக்கு ஏதோ ஒன்று கட்டுப்பட்டது அதுதான் முதல் தடவை.

அக்கி எழுதுகிறவர் மறுபடி வந்தார். நெற்றியில் கீரிக்கு இடமில்லை என்று காவியைப் பட்டையாகப் பூசினார். புருவத்தோடு நிறுத்திக்கொண்டார். "கண்ணுகிட்ட நான் வர மாட்டேம்மா. காவி உள்ள பூந்தா எரியும்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் எங்களுக்கு அது எப்படி விழுந்தது என்றால், சிவப்புப் பூசிய இடம்தான் நோய், பூசாத இடம் நோயில்லாத இடம். அம்மாவின் வலது இமை வீங்கி, கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. காவிக்கு வெளியே இருந்ததால் அது கணக்கில் வரவில்லை.

பிறகு மூக்கு நுனியில், வலது பக்கத்தில், தனியாக ஒரு கொப்புளம் வந்தது. முத்துப்போல் உருண்டை, உள்ளே தெளிந்த நீர். காலை வெயிலில் மின்னியது. அப்பா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாமே, மூக்குத்தி போட்டுக்கினு கீற? நான் வாங்கித் தராதத சாமியே போட்டு வுட்டுச்சா?"

அம்மா என்னிடம் கண்ணாடியைக் கேட்டாள். தகர விளிம்பு வைத்த வட்டக் கண்ணாடி, திருநாவலூர் கோயிலுக்குப் போனபோது வாங்கியது, பின்னால் ரசம் உரிந்திருக்கும். இடது கண்ணால் பார்த்தாள். வெட்கப்பட்டாள். "ஆமா, ஒரு மூக்குத்திதான் கொறச்சல்" என்றாள். அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் அப்படிப் பேசிக்கொண்டு நான் பார்த்தது கம்மி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு அழகான பெயர் வைத்த பிறகு அந்தக் கொப்புளத்தைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

அடுத்த நாள் அம்மா, "வெளிச்சம் ஆவல, கண்ணு கூசுது" என்றாள். பக்கத்து வீட்டுப் பெரியம்மாதான் விளக்கம் சொன்னாள். "பாம்புக்கு வெளிச்சம் ஆவாதுடீ. புத்துல கெடக்கறதுதான அது. இருட்டாக்கி வுடு, சாந்தமாயிடும்." கதவைச் சாத்தினோம். ஜன்னல் ஓட்டையில் சாக்கைத் தொங்கவிட்டோம். இருட்டானதும் அம்மாவுக்குக் கண்கூச்சம் குறைந்தது. குறைந்ததால் பெரியம்மா சொன்னது சரியாகிவிட்டது. ஒவ்வொன்றும் இப்படித்தான் சரியாகிக்கொண்டே போயிற்று. எங்கள் வீடு புற்றாகிவிட்டது. நாங்கள் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றினோம், குரலைத் தணித்தோம்.

ஒருநாள் சாயந்திரம் பெரியம்மா ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து கதவோரம் வைத்துவிட்டுப் போனாள். அம்மா அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பெரியம்மா திரும்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"டேய் டேய்! வையிடா கீழ. அது ஒங்கம்மாவுக்கு இல்ல."

"அப்ப யாருக்கு?"

"அதுக்குடா."

நான் வைத்துவிட்டேன். பால் வாசனை இருட்டில் அம்மாவுக்கு எட்டியிருக்கும். உள்ளேயிருந்து, "யாரு, பாலா?" என்று கேட்டாள். பெரியம்மா உதட்டில் விரல் வைத்து என்னைப் பேசாதே என்றாள். பெரியம்மா கெட்டவள் கிடையாது. அம்மாவுக்காக அழுதவள், எங்களுக்குச் சோறு போட்டவள். அவள் வீட்டுப் பிள்ளைகள் பால் குடித்துப் பார்த்ததில்லை. அந்தப் பாலைக் காசு கொடுத்து வாங்கி, பசியோடு கிடக்கிற ஒருத்தியைத் தாண்டி, ஒரு சொல்லுக்கு ஊட்டினாள்.

மறுநாள் மத்தியானம் அத்தை மலையிலிருந்து இறங்கி வந்தாள். தலையில் கிழங்கு மூட்டை, கால் விரலிடுக்கில் செம்மண். வழியில் யாரையும் பார்க்கவில்லை, யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னாடா பட்டப்பகல்ல இருட்டு? கரண்டு இல்லன்னா சூரியனுமா இல்ல?"

"அக்கா, மெதுவா பேசு" என்றார் அப்பா.

அத்தை சாக்கைப் பிடித்து இழுத்தாள். வெளிச்சம் அம்மாவின் முகத்தில் விழுந்தது. அம்மா கையால் மறைத்தாள். அத்தை மூட்டையைப் போட்டுவிட்டு, பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மாவின் கையை விலக்கினாள். விரலால் வீங்கிய இமையைத் தூக்கினாள். அத்தனை நாளில் அந்த இமையைத் தொட்ட முதல் விரல் அவளுடையது.

"ஏ பொண்ணு, என்னப் பாரு. என் கையில இன்னா கீது?"

"எந்தக் கையிலக்கா?"

"இந்தப் பக்கம்டீ. ஒன் சோத்தாங்கைப் பக்கம்."

"அந்தப் பக்கம் கையே தெரியலக்கா. பொகையா கீது."

அப்பா முன்னால் வந்து, "அக்கா, பயப்படாத. பாரு, கோட்டத் தாண்டவே இல்ல" என்றார். அப்போதும் அவர் குரலில் அந்தப் பெருமை கொஞ்சம் இருந்தது.

"கோட்டத் தூக்கி அடுப்புல போடு. கண்ணு முழியில வெள்ள கட்டிக்கினு கீதே, இத்தினி பேரு கீறீங்க, ஒத்தரு கூடவா பாக்கல?"

"மேஸ்திரி தண்ணிப் பாம்புன்னாரு..."

"பாம்பா? எங்கடா கீது பாம்பு?" அத்தை நிஜமாகவே தரையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். "எனுக்குப் புண்ணுதான்டா தெரியுது."

அப்போதுதான் நான் அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். தினம் விடிந்ததும் அந்த முகத்துக்கு நேரே குனிந்து கோட்டைப் பார்த்திருக்கிறேன். கோட்டுக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லாத கண்ணை அன்றுதான் பார்த்தேன். கருவிழிமேல் சோற்றுக் கஞ்சி காய்ந்ததுபோல் ஒரு படலம்.

அத்தைக்கு எங்களைவிட வைத்தியம் தெரியாது. எங்களைப்போல அவளும் பள்ளிக்கூடம் பார்க்காதவள், அக்கி எழுதுவதை நம்புகிறவள். ஒரே ஒரு வித்தியாசம், அந்தக் கொல்லையில் பெயர் வைத்தபோது அவள் இல்லை. அதனால் அவளுக்கு முகம் முகமாகவும் கண் கண்ணாகவும் தெரிந்தது.

கள்ளக்குறிச்சிக்கு அடுத்த பஸ்ஸில் போனோம். அத்தை அம்மாவின் தலையில் முக்காடு போட்டு மடியில் சாய்த்துக்கொண்டாள். வழியெல்லாம் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் பஸ் ஊர்ந்தது. அப்பா எழுந்து நின்று, எழுந்து நின்று, ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "நான் தள்ளினா கூட இதவுட ஜாஸ்தி ஓடும்" என்று கண்டக்டரிடம் சண்டைக்குப் போனார்.

ஆஸ்பத்திரியில் கண் பார்த்தது ஒரு பெண் டாக்டர். லைட் அடித்துப் பார்த்தார். பிறகு மூக்கு நுனியில் காய்ந்துபோயிருந்த பொருக்கைக் காட்டி, "இது எப்ப வந்துச்சு?" என்று கேட்டார்.

"அது மூக்கு... அது வந்து ஒரு வாரம் மேல ஆச்சுங்க" என்றார் அப்பா.

"இது வந்த அன்னிக்கே வந்திருக்கணும்ங்க. கண்ணுக்குப் போற நரம்பு ஒரு கம்பி மாதிரி. அதுல ஒரு கிளை மூக்கு நுனிக்கு வருது. மூக்குல கொப்புளம் வந்தா கண்ணுக்கும் போகுதுன்னு அர்த்தம். சின்ன வயசுல வந்த அம்மையோட கிருமி நரம்புக்குள்ள தூங்கிட்டிருந்த மாதிரி இருந்து, இப்ப முழிச்ச மாதிரி."

அவர் சொன்னதிலும் உவமைதான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் "மாதிரி" என்று சொன்னார். கம்பி மாதிரி. தூங்கின மாதிரி. எங்களில் ஒருவர் வாயிலாவது அந்தச் சின்னச் சொல் இருந்திருக்கக் கூடாதா?

அப்பா மெதுவாகக் கேட்டார். "அந்தப் பக்கம் தாண்டாம கோடு போட்டு வச்சோம்ங்க. அதனாலதான் ஒரு கண்ணோட நின்னுச்சுங்களா?"

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. அழிந்தும் அழியாமலும் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். "இது ஒரு பக்க நரம்புலதான் வரும். நடுவுல தாண்டாது. கோடு போட்டாலும் போடலன்னாலும் தாண்டாது."

"அப்ப என் தம்பிக்கு இடுப்புல சுத்துச்சுங்களே. தலையும் வாலும்..."

"அதுவும் பாதி இடுப்போட நின்னுடும். தலையும் இல்ல, வாலும் இல்ல. சேரவே சேராதுங்க."

அப்பா அப்படியே பெஞ்சில் இடம் தேடாமல் தரையில் உட்கார்ந்தார். சேரவே சேராத ஒன்றைச் சேரவிடாமல் காவல் காத்திருந்தோம். காவல் தேவைப்பட்ட இடத்தில் சாக்கைப் போட்டு இருட்டாக்கியிருந்தோம். அத்தை அவர் தோளில் கைவைத்து, "எழுந்திருடா தம்பி, எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். அவர் எழுந்திருக்கவில்லை. அத்தையும் அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அம்மாவை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். மருந்து போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். வலி போயிற்று, வீக்கம் வடிந்தது, நெற்றிப் புண் ஆறியது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் அம்மாவின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தினார். என்னை எதிரே நிற்கவைத்தார்.

"எதிர்ல யார் நிக்கிறாங்க, சொல்லுங்கம்மா."

அம்மா நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினாள். மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றேன், என் மூச்சுச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாளோ என்று. அவள் சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டேன்.

"யாரும் இல்லீங்களே" என்றாள் அம்மா.

டாக்டர் கையை எடுத்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

எங்களுக்கு ஆன செலவு அதுதான்: ஒரு கண், வலது, முழுதாக.